விழாத கியர்

நீண்ட பதிவு இது. தொழில்நுட்ப வரலாறு, உழைப்பு வரலாறு, மொழியியல் ஆகியவற்றில் ஆர்வமுள்ள ஆய்வு நண்பர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கார்ப் பிரியர்கள் வாசித்தாலும் நட்டமில்லை.

ஓர் இயந்திரத்தில் எது பழுது, எது இயல்பு என்று தீர்மானிப்பவர் யார்? வடிவமைத்தவரா, விற்றவரா, ஓட்டுபவரா, பழுது பார்ப்பவரா? தொழில்நுட்ப வரலாறு எழுதுகிற நாம் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் ஆண்டு, காப்புரிமை எண், அறிமுக விழா ஆகியவற்றோடு நம் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ஆனால் இயந்திரங்கள் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குப் பின்னர்தான், இரண்டாம் மூன்றாம் கைகளில் கழிக்கின்றன. டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில் வலியுறுத்தியதும் இதுவே: புதுமையின் வரலாற்றை எழுதியது போதும், பயன்பாட்டின் வரலாற்றை எழுதுவோம் என்பது அவர் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவருக்கு நேர்ந்த ஒரு கியர்ச் சிக்கலை வரலாறாக வாசித்துப் பார்க்கும் முயற்சி இது.

கொல்கத்தாவில் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், நெடுநாள் ஆசையின் விளைவாக 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்றை வாங்கினார். இரண்டு இருக்கைகள், திறந்த கூரை, 1798 சிசி எஞ்சின். எப்போதோ ஒரு தூதரக அதிகாரியோடு இந்நாட்டுக்கு வந்து, பல கைகள் மாறிய வண்டி என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிய வாரத்திலேயே புகார்ப் பட்டியல் தயாராகிவிட்டது. சிக்னலை நெருங்கும்போது வண்டி முழுவதும் நிற்பதற்குள் முதல் கியர் போட்டால் எலும்பை அரைப்பது போன்ற ஓசை. இரண்டாம் கியர் காலையில் முரண்டு பிடிக்கிறது. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரப்பு. நகரின் ஒரு பெரிய பணிமனையில் காட்டியிருக்கிறார். கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்கிப் பிரிக்க வேண்டும், உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், வண்டி சில மாதங்கள் நிற்க நேரிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்த மூன்றில் ஒன்று பழுதே இல்லை. அதை விளக்க வேண்டுமென்றால் எழுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். எம்ஜிபியின் பிறப்புக்கு எழுபது ஆண்டுகள் முன்னால்.

1891இல் பாரிஸில் பனார் எ லெவாசோர் நிறுவனம் கார் ஒன்றின் அடிப்படை அமைப்பை வகுத்தது: எஞ்சின் முன்னால், அதன் பின் கிளட்ச், அதன் பின் பற்சக்கரப் பெட்டி, பிறகு பின்சக்கரங்கள். எமில் லெவாசோர் வடிவமைத்த அந்தப் பெட்டியில், சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பற்சக்கரத்தைத் தண்டின் மேல் நகர்த்திச் சென்று, வேறு வேகத்தில் சுழலும் இன்னொரு பற்சக்கரத்தோடு பக்கவாட்டில் மோதிக் கோக்க வேண்டும். முரட்டுத்தனம்தான், ஆனாலும் வேலை நடக்கிறது என்ற பொருளில் அவரே இதைப் பற்றிச் சொன்னதாக ஒரு கதை மோட்டார் வரலாற்று நூல்களில் சுற்றிவருகிறது. கதை உண்மையோ இல்லையோ, வருணனை துல்லியமானது.

இந்தப் பெட்டியை ஓசையின்றி இயக்க ஒரே வழி, கோக்கப்போகும் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுநரே சமமாக்குவது. கீழ்க் கியருக்கு இறங்குவதை எடுத்துக்கொள்வோம். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு முறை அழுத்தி, பெட்டிக்குள் இருக்கும் இடைத்தண்டின் வேகத்தை ஏற்ற வேண்டும். பிறகு மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். இந்தியச் சாலைகளில் இதற்கு இன்றும் வழங்கும் பெயர் ‘டபுள் கிளட்ச்’. எவ்வளவு வேகம் ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. மருத்துவரின் வண்டியையே கணக்குக்கு எடுத்துக்கொண்டால், எம்ஜிபியின் முதல் கியர் விகிதம் 3.64, இரண்டாம் கியர் விகிதம் 2.21. இரண்டாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால், அதே சாலை வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 2470 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். இந்தக் கணக்கை ஒரு நொடிக்குள் காதாலும் பாதத்தாலும் போட்டு முடிப்பவர்தான் அக்காலத்து ஓட்டுநர். காகிதத்தில் போட எனக்குச் சில நிமிடங்கள் ஆயின.

அமெரிக்காவில் ஏர்ல் தாம்ப்சன் உருவாக்கிய ஒத்திசைவு அமைப்பை 1928இல் காடிலாக் தன் கார்களில் பொருத்தி, அதற்குச் ‘சிங்க்ரோ மெஷ்’ என்று பெயரிட்டது. இதன் உள்ளே கூம்பு வடிவ உலோக வளையம் ஒன்று இருக்கும். பற்கள் கோத்துக்கொள்வதற்கு முன் அவ்வளையம் எதிர்ச் சக்கரத்தின் கூம்பின் மேல் உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். ஓட்டுநரின் காதும் பாதமும் செய்துவந்த வேலையை ஒரு வளையத்தின் உராய்வு ஏற்றுக்கொண்டது. பின்னாளில் வந்த அமைப்புகளில், வேகம் சமமாகும் வரை கியரை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்தும் வேலையும் அவ்வளையத்திடமே சேர்ந்தது. ஆள் அவசரப்பட்டாலும் உலோகம் அவசரப்படாது.

பழைய பெட்டிக்கு ஆங்கிலத்தில் மோதலைக் குறிக்கும் ‘கிராஷ்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது, புதியதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே. மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய நிகழ்வு. பிராய்லர் வந்த பிறகுதான் வீட்டுக் கோழி ‘நாட்டுக்கோழி’ ஆனது. தானியங்கிப் பெட்டி வந்த பிறகுதான் மற்றவை ‘மேனுவல்’ ஆயின. ஆனால் ‘நாட்டுக்கோழி’ என்ற பெயரில் ஒரு மதிப்பு ஏறியது. ‘கிராஷ்’ என்ற பெயரிலோ ஒரு பழி ஏறியது. சத்தமே இல்லாமல் அதே பெட்டியை ஓட்டிய ஆயிரக்கணக்கானோரின் திறமை அந்தப் பெயருக்குள் இல்லை.

இனி எம்ஜிபிக்கு வருவோம். 1962இல் அது வெளிவந்தபோது ஒத்திசைவு அமைப்புக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. போர்ஷே தன் 356 காரில் தானே வடிவமைத்த ஒத்திசைவு வளையங்களை 1952இலேயே கொண்டுவந்துவிட்டது. இருந்தும் எம்ஜிபியின் நான்கு கியர்களில் மேல் மூன்றுக்கு மட்டுமே ஒத்திசைவு இருந்தது. முதல் கியருக்கு இல்லை. ஏழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஜாகுவார் இ டைப்பிலும் 1964இல் 4.2 லிட்டர் எஞ்சின் வரும்வரை இதே நிலைதான். முதல் கியர் நின்ற இடத்திலிருந்து புறப்பட மட்டுமே, ஓடும்போது யார் அதற்கு இறங்கப்போகிறார்கள் என்பது அன்றைய பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்களின் எண்ணம். செலவும் ஒரு காரணம். 1967இன் இறுதியில் வந்த மார்க் 2 எம்ஜிபியில்தான் நான்கு கியர்களும் ஒத்திசைவு பெற்றன. ஆகவே 1965ஆம் ஆண்டு வண்டியில், உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் அரைபடுவது, அபிங்டன் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டிய அன்றே இருந்த இயல்பு. எவ்வளவு செலவழித்து அந்தப் பெட்டியைப் புதுப்பித்தாலும் அது போகாது.

இதில் எனக்கு மிகவும் சுவையான செய்தி, அந்தப் பெட்டியின் குடும்ப உறவு. ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அதற்கென்றே பிறந்த இயந்திரம் என்று நினைக்கிறோம். ஆஸ்டினும் மாரிஸும் 1952இல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், தன் நடுத்தரக் கார்களுக்கெல்லாம் ‘பி வரிசை’ என்ற ஒரே எஞ்சின் குடும்பத்தையும் அதனோடு இணைந்த கியர்பாக்ஸையும் பயன்படுத்தியது. 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சிசி எஞ்சின் அந்தக் குடும்பம். எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் அதன் பெருத்த வடிவம். அதே 1489 சிசி எஞ்சினை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடரில்.

அம்பாசிடர் 1950களின் பிற்பாதியில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவமாகப் பிறந்தது. சில ஆண்டுகளில் அதற்குப் பி வரிசை எஞ்சின் வந்தது. நான்கு கியர், முதல் கியருக்கு ஒத்திசைவு கிடையாது. தரையில் நிற்கும் குட்டைத் தண்டுக்குப் பதிலாக ஸ்டியரிங் தண்டை ஒட்டிய நெம்புகோல். வெளித்தோற்றத்தில் பெரியப்பாவும் பேரனும் போல் இருக்கும் இவ்விரு வண்டிகளின் வயிற்றுக்குள் இருந்தது ஒரே பரம்பரை. ஒன்றை இங்கிலாந்தின் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை கிராமச் சாலைகளில் ஓட்டினார்கள். இன்னொன்றைக் கல்கத்தாவின் டாக்சி ஓட்டுநர்கள் நாளெல்லாம் ஓட்டினார்கள்.

இங்கே இந்தியப் பொருளாதார வரலாறு குறுக்கே வருகிறது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று முடிவெடுத்தது. பம்பாயில் உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து கோத்து விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954இல் கடையைக் கட்டின. பிறகு முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலை ஏறக்குறைய மூன்று கார்களுக்குச் சொந்தம்: அம்பாசிடர், பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் தயாரித்த ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டின் இங்கிலாந்துச் சகோதரியும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் பிறந்தது. அதன் முதல் கியருக்கும் 1970வரை ஒத்திசைவு இல்லை. இங்கே குடும்ப வண்டியாகவும் வாடகை வண்டியாகவும் ஓடியவற்றின் உடன்பிறப்புகள் அங்கே விளையாட்டு வண்டிகளாக ஓடின.

ஒரே செயல், இரண்டு மதிப்புகள். கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினை ஒரு முறை உறுமவிட்டு, கீழ்க் கியருக்கு ஓசையின்றி இறங்குவது இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் உலகில் ஒரு நேர்த்தி. ஓட்டும் கலை பற்றிய நூல்கள் அதைப் போற்றின. கற்றவர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். அதே செயல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஒரு டாக்சி ஓட்டுநரின் ஷிப்டில் நூறு முறை நிகழ்ந்தது. லாரி ஓட்டுநரின் இரவில் அதைவிட அதிகம். அங்கே அதற்குப் பெயர் இல்லை, பாராட்டு இல்லை, கூலியிலும் தனிக்கணக்கு இல்லை. கியரை அரைத்தால் முதலாளியிடம் வசவு உண்டு. அரைக்காமல் இருப்பதை எவரும் கவனிப்பதில்லை. எம்ஜிபி ஓட்டியவரின் திறமை நினைவுக் குறிப்புகளிலும் சங்க இதழ்களிலும் பதிவாகியிருக்கிறது. அம்பாசிடர் ஓட்டியவரின் திறமை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. திறன் என்பது கையில் இருக்கிறதா, கைக்குரியவரின் நிலையில் இருக்கிறதா என்ற கேள்வியை உழைப்பு வரலாற்றாளர்கள் நெசவுக்கும் அச்சுக்கும் கேட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்கும் கேட்கலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நான்கு முன்கியர்களுக்கும் ஒத்திசைவு, தரையில் நிற்கும் குட்டைத் தண்டு, ஒரு விரலால் தள்ளினால் போதும் என்கிற மென்மை. அதில் ஓட்டக் கற்ற தலைமுறைக்கு டபுள் கிளட்ச் தேவைப்படவில்லை. நம் மருத்துவர் அந்தத் தலைமுறை. அவர் கையில் குறை ஏதும் இல்லை. அவர் கற்ற இயந்திரம் அவரிடம் கேட்காத ஒன்றை அவர் வாங்கிய இயந்திரம் கேட்கிறது. அவருடைய புகாரில் முதல் வரி, இரண்டு காலங்கள் சந்தித்ததன் ஓசை.

மீதி இரண்டு வரிகள் உண்மையான பழுதுகள். அவற்றைக் கண்டுபிடித்தவர் மல்லிக் பஜார் பக்கத்தில் ஒரு சிறு பட்டறையில் அமர்ந்திருக்கும், எழுபது வயதைத் தாண்டிய மிஸ்திரி. (போர்ச்சுக்கீசிய ‘மெஸ்த்ரெ’ வடக்கே ‘மிஸ்திரி’யாகவும் நம்மிடம் ‘மேஸ்திரி’யாகவும் வந்து தங்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும்.) அங்குள்ள பையன்களைப் போலவே மருத்துவரும் அவரை ‘உஸ்தாத்’ என்றுதான் அழைத்தார். எம்ஜிபி என்ற பெயர் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. குனிந்து பார்த்தவர், இது அம்பாசிடரின் சொந்தக்காரன் என்றார்.

அவர் செய்த சோதனையை விவரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வு முறையியல் வகுப்பில் வைக்கத் தக்கது அது. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்தார். அனைத்தும் தடையின்றி விழுந்தன. ஆக, நெம்புகோலிலும் அதன் இணைப்புகளிலும் பெரிய குறை இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதித்தபடி மனத்துக்குள் எண்ணிக்கொண்டு சில நொடிகள் காத்திருந்து, ரிவர்ஸ் போட்டார். கரகரத்தது. இதில்தான் நுட்பம். கிளட்ச் உண்மையிலேயே விடுபட்டிருந்தால், எஞ்சினிலிருந்து துண்டிக்கப்பட்ட இடைத்தண்டு எண்ணெயின் இழுவையால் அந்தச் சில நொடிகளில் நின்றிருக்கும். நின்ற பற்களில் ரிவர்ஸ் ஓசையின்றி விழுந்திருக்கும். கரகரத்தது என்றால் தண்டு இன்னும் சுழல்கிறது, கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். நோய் கியர்பாக்ஸில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. வண்டிக்கடியில் பையனை அனுப்பினார். கிளட்சை இயக்கும் கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையில் திரவம் கசிந்திருந்தது. தள்ளுதண்டு நகர வேண்டிய தொலைவு நகரவில்லை. ரப்பர் மாற்றி, காற்றை வெளியேற்றியதும் ரிவர்ஸ் அடங்கியது.

இரண்டாம் கியரின் காலை முரண்டுக்கு அவர் கைவைத்தது எண்ணெயில். வடிகால் திருகைத் திறந்து விரலில் தொட்டு முகர்ந்தார். தடித்த எண்ணெய், கந்தக நாற்றம். யாரோ ஒருவர் கியர்பாக்ஸ் என்றால் கியர் ஆயில்தான் என்று, பின் அச்சுக்கு ஊற்றும் ‘தொண்ணூறு’ எண்ணெயை ஊற்றியிருக்கிறார். எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்குத் தயாரிப்பாளர் சொன்னது எஞ்சின் ஆயில். ஒத்திசைவு வளையம் உராய்ந்தால்தான் வேலை செய்யும். எண்ணெய் மிகத் தடிப்பாக இருந்தால் குளிரில் அது கூம்புக்கும் வளையத்துக்கும் இடையிலிருந்து விலகுவதற்கு நேரம் பிடிக்கும். உராய்வு தாமதமாகும், கியர் முரண்டும். மேலும் பின் அச்சுக்கான எண்ணெயில் மிகு அழுத்தத்தைத் தாங்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களில் சில, செம்புக் கலப்புள்ள வளையங்களை நாளடைவில் அரிக்கவும் கூடும். எண்ணெயை மாற்றி இரண்டு நாள் ஓட்டிய பின் இரண்டாம் கியர் வழிக்கு வந்தது. மிக வேகமாகத் தள்ளினால் இன்னும் லேசாக உறுத்துகிறது. வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இப்போது பிரிக்க வேண்டாம், அவசரப்படாமல் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெட்டியை இறக்கவே இல்லை.

முதல் கியர் பற்றிக் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மருத்துவரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிக் காட்டினார். நிற்கும்போது முதல் கியர் போடுவதற்கு முன் நெம்புகோலை ஒரு கணம் இரண்டாம் கியருக்குத் தொட்டுவிட்டு வந்தார். இரண்டாம் கியரின் ஒத்திசைவு வளையத்தை இடைத்தண்டுக்கு பிரேக்காகப் பயன்படுத்தும் தந்திரம் அது. தண்டு நின்றுவிடும், முதல் கியர் ஓசையின்றி விழும். உருளும்போது டபுள் கிளட்ச். இந்தத் தந்திரத்துக்குப் பின்னுள்ள காரணத்தை நான் பிறகு நூல்களில் தேடிப் படித்தேன். அவர் அதைப் படித்தவர் இல்லை. 1960களின் இறுதியில் அம்பாசிடர் டாக்சி ஓட்டி, பிறகு பட்டறைக்கு வந்தவர்.

இனி என் சொந்தத் துறைக்குள் கொஞ்சம். நான் பட்டறைகளில் முதலில் கவனித்தது வினைச்சொற்களை. தமிழ் மெக்கானிக் ‘கியர் விழல’ என்கிறார். ஓட்டுநர் கியர் ‘போடுகிறார்’, கியர் ‘விழுகிறது’. இந்தப் போடு–விழு இணையைத் தமிழ் வேறு எங்கே பயன்படுத்துகிறது என்று பாருங்கள்: தாழ்ப்பாள் போடுகிறோம், தாழ்ப்பாள் விழுகிறது; முடிச்சுப் போடுகிறோம், முடிச்சு விழுகிறது. ஒன்று இன்னொன்றில் பொருந்திப் பிடித்துக்கொள்ளும் செயல்களுக்கான இணை அது. கியர் இந்த மொழிக்குள் வந்தபோது புதுச்சொல் தேடாமல், தாழ்ப்பாளின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. மலையாளத்திலும் கியர் விழுகிறது, அல்லது விழாமல் போகிறது. இந்தியில் ஓட்டுநர் கியரை ‘லகாத்தா’, கியர் ‘லக்தா’. பூட்டுக்கும் அதே வினையிணைதான். ஆங்கிலக் கையேடுகளின் ‘எங்கேஜ்’ என்ற சொல் பிணைப்பொருளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது, திருமண நிச்சயத்துக்கும் அதுவே. அங்கே உறுதிமொழி, இங்கே தாழ்ப்பாள்.

இந்த இணைகளில் ஒரு நுட்பம் பொதிந்திருக்கிறது. போடுவதற்கும் விழுவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது: நான் போட்டேன், அது விழவில்லை. பழுது பார்ப்பவரின் தொழில் முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்கிறது. ‘விழல’ என்றால் கிளட்ச் அல்லது வளையம்; ‘மாட்டிக்கிச்சு’ என்றால் இணைப்புத் தண்டு; ‘ஸ்லிப் ஆகுது’ என்றால் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் எந்த வினையோடு வருகிறார் என்பதைக் கேட்டே நோயின் திசையைப் பாதி ஊகித்துவிடும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய பணிமனைகளின் படிவத்தில் இந்த மூன்றுக்கும் ‘கியர் ஷிஃப்டிங் ப்ராப்ளம்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. தகவல் அங்கேயே இழந்தாயிற்று. பிறகு பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

துறைசார்ந்த ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். டேவிட் ஆர்னால்டின் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013) இந்தியாவில் சைக்கிள், தையல் இயந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவை அன்றாடத்துக்குள் நுழைந்த விதத்தை எழுதி நமக்கெல்லாம் ஒரு வழி திறந்தது. அமெரிக்க மோட்டார் மெக்கானிக்குகளின் வரலாற்றைக் கெவின் போர்க் 2007இல் தனிநூலாகவே எழுதினார். உத்தர்பாராவிலும் குர்லாவிலும் உருவான வண்டிகளைப் பற்றி நம்மிடம் இருப்பவை கொள்கை வரலாறுகளும் ஏக்க நினைவுகளும். உரிமம், பாதுகாப்பு, ஒதுக்கீடு பற்றி எழுதுகிறோம். அல்லது அப்பாவின் அம்பாசிடர் பற்றி எழுதுகிறோம். அந்த வண்டியை அரைக்காமல் ஓட்டியவரும், அரைத்ததை ஆற்றியவரும் இரண்டிலும் இல்லை. அவர்களுக்குச் சான்றாதாரம் இல்லை என்ற பதிலை நான் முழுவதும் ஏற்கவில்லை. கையேட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு எழுதிய குறிப்பு, தேய்ந்த வளையம், ஒரு வினைச்சொல் ஆகியவையும் சான்றுகளே. அவற்றை மேற்கோள் காட்டும் முறையை நாம்தான் இன்னும் உருவாக்கவில்லை.

காலமும் அதிகம் இல்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. பதினைந்து ஆண்டைக் கடந்த வாடகை வண்டிகள் கொல்கத்தாவில் ஓடக்கூடாது என்ற விதியால் மஞ்சள் டாக்சிகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. ஒத்திசைவு இல்லாத முதல் கியரை நாள் முழுவதும் ஓட்டிய தலைமுறை அவற்றுக்கும் முன்பே வண்டியை விட்டு இறங்கிவிட்டது. உஸ்தாதிடம் நான்கு மணி நேர ஒலிப்பதிவு எடுத்திருக்கிறேன். அதில் பாதி கியர் ஓசைகளை வாயால் அவர் போட்டுக் காட்டுவது. அதை எந்த எழுத்தில் படியெடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒலியியல் நண்பர்கள் உதவலாம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் உங்கள் மொழியிலும் கியர் சரியாக உட்காராதபோது மெக்கானிக் என்ன வினைச்சொல் பயன்படுத்துகிறார்? தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதற்கு என்ன சொல்? தெலுங்கு, கன்னடம், வங்காளம், ஒடியா, மராத்தி தெரிந்தவர்கள் சொல்லையும் ஊரையும், முடிந்தால் சொன்னவரின் ஏறத்தாழ வயதையும் குறிப்பிட்டுக் கீழே எழுதுங்கள். லாரிப் பட்டறையில் கேட்டதா கார்ப் பட்டறையில் கேட்டதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. இரண்டிலும் சொற்கள் வேறுபடுகின்றன என்று தோன்றுகிறது.